பின்னறை விளையாட்டு

நீலகிரியில் எமரால்டு பக்கத்தில் ஆடி மாதத்து மழையை யாருக்கும் பிடிக்காது. உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போகும், ரோட்டில் மரம் விழும், கரண்ட் போனால் இரண்டு மூன்று நாளைக்கு வராது. நான் ஒருவன் மட்டும் அந்த மழைக்காகக் காத்திருந்தேன். ஊட்டியில் ஒரு தனியார் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் ஆசிரியர். மழை வலுத்தால் பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். விடிகாலையில் போனில் அந்தச் செய்தி வந்துவிட்டால் போர்வைக்குள்ளேயே என் விரல்கள் பரபரக்கத் தொடங்கும். மனைவி அடுப்படியில் இருப்பாள். இரண்டாம் வகுப்புப் படித்த மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். நான் பல்கூடத் துலக்காமல் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் வேறு எங்கேயிருந்தும் தொடங்க முடியாது.

நான் வளர்ந்தது குன்னூரில். அப்பா ஒரு எஸ்டேட் ஆபீசில் கிளார்க். என் அத்தை வீட்டில் டி.வி.யில் மாட்டி விளையாடும் ஒரு பெட்டி இருந்தது. மஞ்சள் கேசட்டை அதில் செருகினால் செங்கல் சுவர்களை உடைத்துக்கொண்டு போகும் டாங்கிகள் வரும். கேசட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதிவிட்டுத் திரும்பச் செருக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பெரியவர்கள் டீ குடித்துப் பேசிக்கொண்டிருக்க, நான் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஒன்பது வயதில் ஒருநாள், எழுந்து போனால் ஆட்டம் போய்விடுமே என்று அடக்கி அடக்கி, உட்கார்ந்த பாயிலேயே சிறுநீர் கழித்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த தலையணையை இழுத்து அதன்மேல் போட்டுக்கொண்டு, ஈர டவுசரோடு இன்னும் ஒரு மணி நேரம் விளையாடினேன். அன்று எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

கல்லூரியில் படிக்கும்போது பட்டன் போன் வந்தது. அதில் பாம்பு விளையாட்டு. புள்ளியைத் தின்னத் தின்னப் பாம்பு நீளும், தன் வாலிலேயே முட்டிச் சாகும். அப்பாவைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பகலில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஒரு மத்தியானம் அவர் தண்ணீர் கேட்டார். பாம்பு திரை முழுக்கச் சுருண்டு நின்றது, அதுவரை நான் எட்டாத நீளம். "ஒரு நிமிஷம்ப்பா" என்றேன். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "முடிச்சுட்டே வா" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். நான் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அதற்குப் பிறகு அவர் நான்கு நாள்தான் இருந்தார். என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

என் மனைவிக்கு எமரால்டுதான் சொந்த ஊர். ஒரு தேயிலை ஃபேக்டரியில் பாக்கெட் போடும் பிரிவில் வேலை பார்த்தாள். அவளுடைய அப்பா கொடுத்த துண்டு நிலத்தில், சரிவை வெட்டிச் சமப்படுத்தி நாங்கள் வீடு கட்டினோம். முன்னால் ஹால், நடுவில் சமையலறை, பின்னால் ஒரு அறை. பின்னறையின் சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கும் இடம்தான் இருந்தது. மேட்டின் மேல் நாலு சில்வர் ஓக் மரங்கள், அதற்கு மேலே பக்கத்து வீட்டுக்காரரின் கேரட் தோட்டம். பின்னறையை மகளுக்கென்றுதான் கட்டினோம். பள்ளியில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் துபாய்க்குப் போகும்போது தன்னுடைய கேம் பெட்டியையும் பெரிய டி.வி.யையும் எனக்கு விற்றுவிட்டுப் போனார். பாப்பா பெரியவளாகிற வரைக்கும் இங்கே இருக்கட்டும் என்று பின்னறையில் வைத்தேன். மறுமாதமே அந்த அறைக்குக் கதவு பூட்டும், காதை முழுக்க மூடும் ஒரு ஹெட்போனும் வாங்கினேன்.

அது பழைய டாங்கி விளையாட்டு மாதிரி இல்லை. ஒரு நாடே அதற்குள் இருந்தது. குதிரையில் ஏறிக் காட்டுக்குள் போவேன். கூடாரம் போடுவேன், மீன் பிடிப்பேன், பகையாளிகளைத் துரத்துவேன். முடிந்தது என்று எழுந்து வரவே விடாது. ஒரு வேலை முடிவதற்குள் இன்னொரு வேலை தொடங்கியிருக்கும். பஸ்ஸில் ஊட்டிக்குப் போகும்போது போனில் வேறொரு விளையாட்டு. முகம் தெரியாத நாலு பேரோடு சேர்ந்து தீவில் குதித்துச் சுடுவது. எத்தனையோ நாள் ஸ்டாப்பைத் தவறவிட்டு மார்க்கெட் வரை போய்த் திரும்பி நடந்திருக்கிறேன். வகுப்பில் பிள்ளைகள் கேள்வி கேட்டால் உதடுகள் அசைவது தெரியும், அர்த்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். மழைக்காலத்தில் கரண்ட் போகிறதே என்று ஒரு இன்வெர்ட்டரும் வாங்கி ஹாலில் வைத்தேன். மகள் படிக்க வெளிச்சம் வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

அந்த வருடம் ஆடியில் மழை அவலாஞ்சிப் பக்கமிருந்து ஞாயிற்றுக்கிழமை ஏறி வந்தது. திங்கள் காலையில் விடுமுறைச் செய்தி. அன்று மத்தியானம் மனைவி பின்னறைக் கதவைத் திறந்து ஏதோ சொன்னாள். ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினேன்.

"ஏனுங்க, பொறவாசக் கதவு சாத்த மாட்டேங்குதுங்க. நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு."

மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்றேன். மரம் ஊதினால் கதவு பக்கவாட்டில் பிடிக்கும், இது மேலே நிலையில் முட்டுகிறது என்றாள். அப்புறம் பார்க்கிறேன் என்று ஹெட்போனைத் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சமையலறைச் சுவரில் ஒரு விரிசல் இருப்பதைக் கவனித்தேன். கவனித்தேன் என்பதுகூடச் சரியில்லை. தண்ணீர் குடிக்கப் போனபோது, மகளின் பென்சிலால் சுவரில் சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருந்ததைப் பார்த்து, பாப்பா கிறுக்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள்தான் உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் மனைவியின் கையெழுத்தில் ஓரெழுத்து இருந்தது. தி, செ, பு. விரிசல் அந்தந்த நாளில் எதுவரை வந்திருந்தது என்பதற்கு அவள் போட்ட அடையாளம். திங்களுக்கும் செவ்வாய்க்கும் நடுவில் ஒரு விரல் அகலம். செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவில் ஒரு சாண். பார்த்தேன், புரிந்தது. தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பப் பின்னறைக்குத்தான் போனேன்.

அவள் என்னிடம் சண்டை போடவில்லை. அந்த மூன்று நாளில் அவள் தனியாகவே வேலை செய்துகொண்டிருந்தாள். மகளின் துணிகளை ஹாலுக்கு மாற்றினாள். ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் பாலித்தீன் கவரில் சுற்றிப் பள்ளிப் பையில் வைத்தாள். அரிசி டிரம்மைச் சமையலறையிலிருந்து தனியாகவே உருட்டிக்கொண்டு போனாள். நடைவழியில் இருந்த அந்த டிரம்மில் நான் முழங்காலை இடித்துக்கொண்டேன், இதை யார் இங்கே கொண்டுவந்து வைத்தது என்று சலித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

புதன் சாயங்காலம், மேலே கேரட் தோட்டம் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். படகர், ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். மழைக்கு உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். மனைவி கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் நான் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிப் போட்டுக்கொண்டு போனேன்.

"வாத்தியாரே, ஊத்துத் தண்ணி செவந்து வருதுங்க. மேல ஓக் மரம் ரெண்டு உங்க ஊட்டப் பாத்துச் சாஞ்சிருக்குது. நாங்க எல்லாரும் காலைல கெளம்பறோம். நீங்களும் கெளம்பீருங்க."

சரிங்க என்றேன். அவர் என் கழுத்தில் கிடந்ததைப் பார்த்தார். அதிலிருந்து துப்பாக்கிச் சத்தம் மெல்லியதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. என்னிடம் பேசுவதை விட்டுவிட்டு மனைவியிடம் திரும்பி, எந்த வழியாக இறங்க வேண்டும், எந்தப் பாலத்தைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ, பேச்சு முடிந்ததே என்று நிம்மதியாக இருந்தது.

வியாழக்கிழமையும் மனைவி வேலைக்குப் போகவில்லை. விடிகாலையில் கரண்ட் போயிருந்தது. பின்னறை டி.வி. இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்தவன் எழவே இல்லை. மணி பதினொன்று இருக்கும் என்று பின்னால் சொன்னார்கள். ஜன்னலுக்கு வெளியே மண்மேடு பளபளவென்றிருந்தது. அதன்மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தரையோடு சுவர் சேரும் இடத்தில் பழுப்பாக நீர் கசிந்து என் காலடி வரை வந்திருந்தது. கால்களைத் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டேன். கால் நனையாமல் இருக்க.

மனைவி முதல் தடவை வந்து கதவைத் திறந்து சொன்னாள். இரண்டாவது தடவை குடையோடு வந்து நின்றாள். இருபது நிமிஷம் என்றேன். மூன்றாவது தடவை மகளை அனுப்பினாள். மஞ்சள் ரெயின்கோட் போட்டுக்கொண்டு அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, வாங்கப்பா" என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி, இரு என்று காட்டினேன். அவள் எவ்வளவு நேரம் நின்றாள், எப்போது போனாள் என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் திரை இருண்டது.

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். மேலே எரிந்த விளக்கும் அணைந்திருந்தது. ஹெட்போனைக் கழற்றியதும்தான் மழைச்சத்தம் காதில் விழுந்தது. கூடவே, பேட்டரி தீரும்போது இன்வெர்ட்டர் போடும் 'பீப்' சத்தம் ஹாலிலிருந்து கேட்காததும் உறைத்தது. யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சமையலறையைத் தாண்டி ஹாலுக்குப் போனேன். மனைவி இன்வெர்ட்டர் பக்கத்தில், சுவிட்சின் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றாள். தோளில் பள்ளிப் பை. வாசல்படியில் மகள்.

அன்று நான் அவளைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் அந்த வார்த்தைகள் பேசப்பட்டதில்லை. அவள் பெற்றோரை இழுத்தேன், அந்த நிலத்தை இழுத்தேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "பேசி முடிச்சாச்சுங்களா? வாங்க, போலாம்" என்றாள்.

கடைசியாக எங்கே சேவ் ஆனது என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம்தான் எனக்கு. பின்னறைப் பக்கம் திரும்பினேன். அவள் என் சட்டையின் முதுகுப் பக்கத்தைப் பிடித்தாள். தள்ளிவிட்டேன். திரும்பவும் பிடித்தாள், இந்த முறை இரண்டு கையாலும்.

சத்தம் பெரிதாக இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல ஒரு சத்தம், அதற்குள்ளே துணி கிழிவதுபோல இன்னொன்று. தரை ஒரு தடவை உள்ளே இழுத்துக்கொண்டதுபோல் இருந்தது. நடைவழியிலிருந்து காற்று வந்து முகத்தில் அடித்தது. பச்சை மண்ணும் வேரும் நாறிய காற்று. நாங்கள் மூவரும் எப்படி ரோட்டுக்கு வந்தோம் என்பது எனக்கு ஞாபகமில்லை. வெறுங்காலோடு இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது வீட்டின் பின்பாதியில் கூரை இல்லை. சமையலறை வரை மண். ஒரு சில்வர் ஓக்கின் உச்சி எங்கள் ஹால் கூரைமேல் படுத்து, இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி மகளின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து மூடியிருந்தாள்.

அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நேற்று சாயங்காலம் சேவ் செய்தது, இன்றைக்கு ஆடியதெல்லாம் போய்விட்டது, என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அந்த நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது.

எங்களை ஒரு சமுதாயக் கூடத்தில் தங்க வைத்தார்கள். முப்பது குடும்பங்கள் இருக்கும். யார் வீட்டிலும் உயிர்ப்பலி இல்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எங்களுக்கு அடுத்த பாயில் இருந்த அம்மாவுக்கு இரண்டு பசுமாடுகள் தொழுவத்தோடு போய்விட்டன. அவர் அழவில்லை, அவ்வப்போது எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டு வருவார். மூன்றாவது நாள் ஜெனரேட்டர் கொண்டுவந்தார்கள். போனுக்கு சார்ஜ் ஏறியது. சுவரோரம் முழங்காலை மடித்து உட்கார்ந்து, வண்ணக் கற்களை வரிசையாகச் சேர்த்து உடைக்கும் ஒரு சின்ன விளையாட்டைத் திறந்தேன். சத்தத்தை நிறுத்தியிருந்தேன். தலை குனிந்தே இருந்ததால் அந்த அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தது தெரியவில்லை.

"ஊட்டு ஆளுங்களுக்குத் தகவல் சொல்றீங்களா தம்பி?" என்று கேட்டார்.

ஆமாங்க என்றேன். நல்லது, எல்லாருக்கும் சொல்லுங்க, பயந்துட்டு இருப்பாங்க என்றார். என் கட்டைவிரல் நிற்கவில்லை. எதிரே, கூடத்தின் அந்தப் பக்கத்தில், மனைவி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் ஊட்டியில், ஃபெர்ன்ஹில்லில் ஒரு மாடி வீட்டுக்குக் குடி வந்தோம். பின்னால் மேடு எதுவும் இருக்கக் கூடாது என்று அவள் ஏழு வீடுகளை வேண்டாம் என்று சொன்னாள். அவளுக்கு ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது. என்னிடம் பழையபடிதான் பேசினாள். சாப்பாடு போட்டாள், சட்டைக்குப் பட்டன் தைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, நானாகவே மன்னிப்புக் கேட்டேன். அவள் ஈரத்துணியை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினாள்.

"மண்ணு வந்தது பெருசில்லீங்க" என்றாள். "சுவிட்ச நிறுத்தறப்ப, நீங்க எந்திரிச்சு வருவீங்கன்னு எனக்கு நிச்சயமில்ல. வரலீன்னா பாப்பாவ மட்டும் கூட்டிட்டு எறங்கீரலாம்னு முடிவு பண்ணீட்டுத்தான் நிறுத்துனேன். அத நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

அவள் வாளியில் மிச்சமிருந்த துணிகளை நான் எடுத்துக் கொடுக்க, ஒவ்வொன்றாக வாங்கிக் காயப்போட்டாள்.

அன்றைக்கே என் போனை அவளிடம் கொடுத்துவிட்டேன். பள்ளிக்காரர்களோடு பேசுவதற்கு ஒரு பட்டன் போன் போதும் என்று வாங்கிக்கொண்டேன். இரண்டாவது வாரம், ஸ்டாஃப் ரூமில் தனியாக இருந்தபோது, அதன் மெனுவில் கடைசியாக அந்தப் பாம்பு இருப்பதைக் கண்டுபிடித்தேன். மணி அடித்தது கேட்கவில்லை. வகுப்புத் தலைவி வந்து கதவைத் தட்டினாள். அரசு ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு டாக்டரைப் பார்த்தேன், இப்போதும் மாதம் ஒருமுறை போகிறேன். அவர் கேட்பதற்கெல்லாம் உண்மையைச் சொல்கிறேன். விரல்கள் இன்னும் பரபரக்கின்றன என்று சொன்னேன், குறித்துக்கொண்டார். விளையாடாமல் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தை நானே நம்புவதில்லை.

மகளிடம் ஒரு பழக்கம் வந்திருப்பதை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவள் கூப்பிடுவதில்லை. எங்கே இருந்தாலும் எழுந்து என் பக்கத்தில் வந்து, இரண்டு விரலால் என் தோளைத் தட்டி, நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் பேசுகிறாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் சரி, சும்மா ஜன்னலோரம் நின்றாலும் சரி. அவளுடைய அம்மாவை மட்டும் வீட்டின் எந்த மூலையிலிருந்தும் சத்தமாகக் கூப்பிடுகிறாள்.

போன வாரம் கேட்டேன். ஏன் பாப்பா, அங்கிருந்தே அப்பான்னு கூப்பிடலாமே என்றேன்.

"கூப்புட்டா உங்களுக்குக் கேக்காதுல்லப்பா" என்றாள். குறை சொல்கிற குரல் இல்லை அது. எனக்குக் கண் தெரியாது என்றால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள்.

இப்போது கேட்கிறது என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். சாயங்காலம் அவள் கணக்கு நோட்டோடு என்னிடம் வந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அருகில் வந்து, என் தோளைத் தட்டினாள்.